எட்டுக் கட்டில் அறை

பக்கீர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி விடுதியின் படியடியில் நின்றார். கழற்றச் சொல்லிச் சுவரில் படம் போட்டிருந்தது. கழற்றியதை எங்கே வைப்பது என்றுதான் விளங்கவில்லை. கதவோரத் தட்டு முழுக்கச் சேறு காயாத சப்பாத்துகள், ஊர் ஊராய் அலைகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுடையவை.

"தாங்க ஐயா, நான் வைக்கிறன்" என்று கிருஷாந்தன் கையை நீட்டினான்.

"வேணாம் மகன். என்ட செருப்ப நீங்க தூக்கப்படாது."

கிருஷாந்தன் அந்த விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவன். முப்பத்தைந்து வயது, ஊர் பாண்டிருப்பு. சாய்ந்தமருதிலிருக்கும் பக்கீரின் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் இடையில் கல்முனைச் சந்தைதான் இருக்கிறது. ஆனாலும் இருவரும் முதன்முதலாய் முகம் பார்த்துக்கொண்டது இன்று, கோலாலம்பூரில். குரல் மட்டும் முன்பே பழக்கம். ஏழு மாதத்துக்கு முன்பு, மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி மகன் அர்ஹம் மவுத்தாகிவிட்டான் என்று தொலைபேசியில் சொன்ன குரல் அது. மையித்தை ஊருக்கு அனுப்ப எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது, என்ன செய்ய என்று கேட்டதும் அதே குரல்தான். "அங்கேயே அடக்குங்க" என்று பக்கீர் சொன்னார். மகனைப் பற்றி இரண்டு வருடத்தில் அவர் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது.

அறையில் எட்டுக் கட்டில்கள், இரண்டிரண்டாய் ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை, ஒரு சின்ன விளக்கு, தலைமாட்டில் ஒரு பூட்டுப்பெட்டி. அறுபத்திரண்டு வயதுவரை பக்கீர் தங்கியதெல்லாம் சொந்தக்காரர் வீடுகளிலும், தபாலதிபராய் மாற்றலாகிப்போன ஊர்களின் குவார்ட்டர்ஸிலும்தான். முகம் தெரியாத ஏழு பேரோடு ஓர் அறையில் படுப்பதென்பதை அவர் நினைத்தும் பார்த்ததில்லை. நல்ல ஹோட்டலில் அறை பார்த்துத் தருகிறேன் என்று கிருஷாந்தன் சொல்லத்தான் செய்தான். மகன் வேலை செய்த இடத்தில்தான் தங்குவேன் என்று அவர் பிடிவாதமாய் நின்றார்.

"அவன் எந்தக் கட்டில்ல படுப்பான்?"

"இதுல இல்ல ஐயா. மேல, சீலையெல்லாம் அடுக்கிற அறை ஒண்டு இரிக்கி. அதுக்குள்ளதான் நாங்க ரெண்டு பேரும்." கிருஷாந்தன் சற்றுத் தயங்கினான். "இந்தக் கட்டிலுக்கெல்லாம் விரிப்பு மாத்திறதுதான் அவன்ட வேலை. நாலு மாடிக்கும்."

வீட்டுக்கு அர்ஹம் சொல்லியிருந்தது வேறு. ஹோட்டல் ஒன்றில் மேற்பார்வை வேலை என்று. மனைவி சபூறா அதை அக்கம்பக்கமெல்லாம் சொல்லியிருந்தாள்.

பக்கீர் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்தார். வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் இறுகக் கிடந்தது. ஒலுவில் கெம்பஸுக்குத் தெரிவானபோது பள்ளிவாசலில் ஒவ்வொருவரையும் நிறுத்தி நிறுத்தி அவர் பெருமையாய்ச் சொன்ன மகன். இரண்டாம் வருடத்தில் யாரிடமும் கேளாமல் படிப்பை விட்டுவிட்டு பாஸ்போர்ட்டோடு வந்து நின்றவன். "போ. ஆனா இனி என்னோட கதைக்காத" என்று சொன்னார். சொன்னபடியே நடந்தார். தபால் கந்தோரில் முப்பது வருடம் ஒரு கடிதமும் பிந்தாமல் பார்த்துக்கொண்ட மனிதர், சொன்ன சொல்லையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்.

லுஹர் தொழுகைக்கு முகம் கைகால் கழுவி வுழுச் செய்துவிட்டு வந்து, மக்காத் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று தடுமாறினார். ஜன்னலோரச் சுவரில் பச்சைக் கடதாசியில் வெட்டிய அம்புக்குறியொன்றைக் கிருஷாந்தன் காட்டினான். "அர்ஹம்தான் ஒட்டினவன். எல்லா அறையிலயும் இரிக்கி." அம்பின் ஒரு முனை சற்றுக் கிளம்பியிருந்தது. பக்கீர் அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுத் தக்பீர் கட்டித் தொழுதார்.

மறுநாள் காலையில் இருவரும் ரயிலேறி, மகனை அடக்கிய மையவாடிக்குப் போனார்கள். புல் வெட்டிய மேட்டில் வரிசை வரிசையாய்க் கபுறுகள். மகனுடையதில் தலைமாட்டில் நடும் மீசான் கல் இன்னும் வைக்கவில்லை. ஒரு பலகையும் அதில் ஓர் இலக்கமும் பெயரும் மட்டும். பக்கீர் ஸலாம் சொன்னார், யாஸீன் ஓதினார், துஆக் கேட்டார். எல்லாம் முறையாய் முடிந்தது. கண் மட்டும் நனையவில்லை. கிருஷாந்தன் தூரத்து மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பக்கீருக்கு வெட்கமாய் இருந்தது. பெற்றவன் நான், அழுகிறவன் அவனா?

திரும்பி வந்து தேத்தண்ணி குடித்தபின், மகன் இருந்த அறையைப் பார்க்கவேண்டும் என்றார். நாலாம் மாடிக்கு ஏறும்போது, கடைசிப் படிக்கட்டில் கிருஷாந்தன் நின்றான்.

"இந்த இடத்துலதான் ஐயா இருந்து வீட்டோட கதைப்பான். ஒவ்வொரு நாளும் ஒம்பதே காலுக்கு. ஒரு ஆள் வந்து சாவி கேட்டாலும் எழும்ப மாட்டான்."

"அதென்ன ஒம்பதே கால்?"

"ஊர்ல அப்ப ஆறே முக்கால்தானே. மஃரிப் தொழுகை முடிஞ்சி நீங்க வீட்டுக்கு வாற நேரமாம். வாசல்ல நிண்டு ஸலாம் சொல்லுவீங்களாமே, அது போன்ல கேக்குமாம். இவன் இஞ்சால இருந்து மெதுவாப் பதில் சொல்லுவான். நான் பகிடி பண்ணுவன், 'வாப்பா உனக்கு எங்கடா சொன்னவர்' எண்டு. 'ஆருக்குச் சொன்னாலும் கேட்டவன் பதில் சொல்லணும் மச்சான்' எண்டுவான்."

பக்கீர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"கடைசியா ஒரு அஞ்சு மாசம் கேக்கல்ல எண்டான்," கிருஷாந்தன் கள்ளமில்லாமல் சொல்லிக்கொண்டே போனான். "வாப்பா இஷாத் தொழுகை வரைக்கும் பள்ளியிலேயே இருந்து ஓதுறாராம், உம்மா சொன்னவவாம். அதுல அவனுக்குச் சந்தோசம்தான். ஆனாலும் அந்த நேரத்துக்கே எடுப்பான். ஒரு நாளைக்காவது வெள்ளன வருவார் எண்டு."

பக்கீர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கிருஷாந்தன் பயந்துபோய்த் தண்ணி எடுக்கக் கீழே ஓடினான்.

அந்த நாட்களில் பள்ளியில் அவர் ஓதவே இல்லை. தினமும் தாம் வீட்டுக்குள் நுழையும் நேரத்திலேயே போன் அடிக்கிறது என்பதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து, பள்ளிவாசலில் வுழுச் செய்யும் ஹவுள் தொட்டிக் கட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். மீன்களைப் பார்த்துக்கொண்டு, இஷா பாங்கு சொல்லும்வரை. மகனின் குரலின் மிச்சம்கூடக் காதில் விழக்கூடாது என்று. நூற்றைம்பது நாள்.

போனை எடுத்துச் சபூறாவை அழைத்தார். அங்கே பகல் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். பின்னால் கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்க, கபுறப் பாத்தீங்களா?"

"பாத்தன். சபூறா, நான் பள்ளியில ஓதிட்டு இருக்கன் எண்டு புள்ளைக்கிட்ட சொன்னியா?"

தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"ஓம். சொன்னன்."

"நான் ஓதல்ல."

"அது எனக்குத் தெரியும். ஹவுளடியில நீங்க இருக்கிறதப் பாத்துட்டு வந்து சொன்னாங்க. அவன் கேட்டான், 'வாப்பா எனக்காகவா உம்மா பிந்தி வாறாரு' எண்டு. நான் என்னத்தச் சொல்ல? கடல் தாண்டி இரிக்கிற புள்ளைக்கிட்ட ஓம் எண்டு சொல்லவா? பொய்தான் சொன்னன். அல்லாஹ் மன்னிக்கட்டும்."

"அவன் நம்பினானா?"

"நம்பின மாதிரித்தான் கதைச்சான்" என்றாள்.

அதன்பிறகு பக்கீரால் அடக்க முடியவில்லை. அந்நிய நாட்டில், ஆள் ஏறி இறங்கும் படிக்கட்டில், தொப்பி சரிந்து விழுவதும் தெரியாமல் வாய்விட்டு அழுதார். ஏழு மாதமாய் அவள் அழும்போதெல்லாம் எழும்பி வெளியே போன மனிதர். மறுமுனையில் சபூறாவும் அழுதாள். "அழுங்க, அழுங்க" என்று அழுகைக்கிடையில் சொன்னாள். பையைச் சுமந்துகொண்டு ஏறிவந்த பொடியன் ஒருவன் அவரைக் கண்டதும் நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டிக் கடந்து போனான்.

மறுநாள் காலை விமானம். போகிறவர்கள் விரிப்பைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும் என்று கதவில் எழுதியிருந்தது. பக்கீர் தலையணை உறையை உருவினார், விரிப்பின் நான்கு மூலைகளையும் கிளப்பினார். மெத்தை பாரமாய் இருந்தது. ஒரு கட்டிலுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. கழற்றியதைக் கசக்கிப் போட மனம் வரவில்லை. மூலையோடு மூலை சேர்த்து மடித்தார். திரைகளுக்குப் பின்னால் ஏழு பேரும் இன்னும் நித்திரை. மடித்ததைக் கூடைக்குள் மெல்ல வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் கதவைச் சாத்தினார்.