எக்ஸலன்ட் முறித்த மணிக்கட்டு

லேத் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிற மெஷின் முன்னால் நிற்பவனை யாரும் பாராட்டக் கூடாது. திட்டலாம். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்குகிறவன் தலையைக் குனிந்துகொள்வான், கண் வேலையிலேயே இருக்கும். பாராட்டு வாங்குகிறவன் தலையை நிமிர்த்துவான். அந்த நேரம் பார்த்து மெஷின் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கேட்டால், வேலை சுத்தமாக இருக்கிறது என்று பொருள்.

அந்தப் பட்டறையின் மூத்த தொழிலாளி, மைக்ரான் மாமா. தலைமுடியில் பாதி கனம் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். திட்டு வாங்கி வளர்ந்தவர், திட்டி வளர்த்தவர். ஒருமுறை அவர் திட்டிய திட்டில் மூலையில் கிடந்த பழைய இரும்புத் தகட்டின் துரு தானாகவே உதிர்ந்தது. தகட்டைப் பிறகு விற்றுவிட்டார்கள், அதனால் இப்போது காட்ட முடியாது.

பட்டறைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். தங்கமான மனிதர், சட்டம் தெரியாதவர். மாமா வேலையில் மூழ்கியிருந்தபோது பின்னால் வந்து நின்று, "எக்ஸலன்ட்! கீப் இட் அப்!" என்றார்.

யாரையோ பாராட்டுகிறார்களே, யாரென்று பார்ப்போம் என்று மாமா திரும்பினார். அங்கே வேறு யாரும் இல்லை. இன்னும் தள்ளி நிற்கிறானோ என்று ஒரு எட்டு எடுத்து வைத்தார். தரையில் கிடந்த இரும்புத் தடி காலின் கீழ் உருண்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. மெஷின் பாவம், அது ஒன்றுமே செய்யவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கை, எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி இருந்தது. முதலாளி வீடு தேடி வந்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாருங்க மாமா. மெஷின் கைப்பிடியைச் சுத்த வரலேன்னா வாட்ச்மேனா கேட் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுத் தரேன். நல்ல நிழல்."

முதலாளி இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்தான் மாமாவுக்கு ஆபத்து புரிந்தது. நிழலில் உட்கார்ந்து போகிற வருகிற லாரிக்கு சல்யூட் அடிக்கவா இந்தக் கை?

மறுநாளே ஃபிஸியோவிடம் போனார். சின்னப் பெண், சிரித்த முகம். வாயைத் திறந்தால் இங்கிலீஷ் பூ உதிரும். ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தாள்.

"அமுக்குங்க அங்கிள். கம் ஆன், யூ கேன் டூ இட்! வெரி குட்!"

வெரி குட் காதில் விழுந்ததும் மாமா திரும்பிப் பார்த்தார். பந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது.

"யாருக்கும்மா அந்த வெரி குட்?"

"உங்களுக்குத்தான் அங்கிள்!"

அடுத்து "ஆல்மோஸ்ட் தேர்" என்றாள், திரும்பினார். "கீப் கோயிங்" என்றாள், திரும்பினார். வாரக் கடைசியில் கழுத்து பம்பரமாகச் சுழன்றது. மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இதையெல்லாம் தமிழ்ல சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்லிப் பாத்தேன் அங்கிள். ஒருத்தர்கிட்ட 'கவலைப்படாதீங்க'ன்னேன், உடனே உயில் எழுத ஆளைக் கூப்பிட்டாரு. இன்னொருத்தர்கிட்ட 'சபாஷ்'னேன், என்ன கிண்டலான்னு சண்டைக்கு வந்துட்டாரு. 'டோன்ட் வொரி'ன்னா யாரும் பயப்படறதில்ல."

நியாயம்தான்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் மனைவி கூடவே வந்தாள். பந்து மூன்றாம் முறை கட்டிலுக்கடியில் புகுந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"டீவி ரிமோட்டை மட்டும் உடும்பாப் பிடிக்கத் தெரியுது, இத்தனூண்டு பந்தைப் பிடிக்க வலிக்குதோ? யாரைத் தேடறீங்க அங்க? திருப்புங்க கையை!"

மாமாவின் தலை குனிந்தது. கை திரும்பியது.

ஃபிஸியோ வாயைப் பிளந்தாள். "ஆன்ட்டி, நீங்க தினமும் வந்து திட்டுவீங்களா?"

"வீட்லயும் திட்டி, இங்கயும் வந்து திட்ட எனக்கென்ன ரெண்டு தொண்டையா? நீயே திட்டும்மா."

ஃபிஸியோ மூச்சை இழுத்துப் பிடித்தாள். "அங்கிள், நீங்க கொஞ்சம்... சோம்பேறி. ஸாரி அங்கிள்."

"இதுக்குத் தாலாட்டே மேல்" என்றார் மாமா.

"வார்த்தை உன்னோடதே இருக்கட்டும்" என்றாள் மனைவி. "குரலை மட்டும் என்கிட்ட வாங்கிக்கோ. பால் பொங்கி வழியும்போது போன் பேசிட்டு நிக்கிற ஆளை நினைச்சுக்கிட்டு சொல்லு."

அன்று அந்த அறையில் விழுந்த "வெரி குட்" தகரக் கொட்டகையில் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது. "யூ கேன் டூ இட்!" என்றாள், ஜன்னல் அதிர்ந்தது. அடுத்த கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருந்தவர் எழுந்து பஸ் நிறுத்தம் வரை ஓடிவிட்டார். ஊன்றுகோல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாமாவின் தலை நிமிரவே இல்லை. மணிக்கட்டு நாளுக்கு நாள் வழிக்கு வந்தது.

மாசக் கடைசி. முதலாளியும் மேனேஜரும் மெஷின் அருகே நின்றார்கள். மேனேஜர் முன்னெச்சரிக்கையாகக் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். மாமா கைப்பிடியைப் பிடித்தார். பாதிச் சுற்று வந்தது, நின்றுவிட்டது.

பட்டறையில் ஒரு குரல் திட்டக் கூடாதா? உடம்பு சரியில்லாதவர் என்று எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அவரிடம் தொழில் கற்ற பல்லன்கூட, "மெதுவா மாமா" என்றான். நாற்காலியின் நிழல் மாமாவின் மேல் விழுகிற மாதிரி இருந்தது.

அவர் தலையைக் குனிந்தார். தன் மணிக்கட்டைப் பார்த்து, பால் பொங்குகிற குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கீப் கோயிங், கழுதை!"

கைப்பிடி முழுச் சுற்று சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது.

"நாற்காலியை நானே வச்சுக்கறேன்" என்று முதலாளி போய்விட்டார்.

சாயங்காலம் பல்லன் ஒரு இரும்புத் தண்டைக் கடைந்து முடித்தான். மாமா அதைக் கண்ணாலேயே அளந்து பார்த்தார். ஒரு குறை இல்லை. பல்லனின் மெஷின் அணையட்டும் என்று காத்திருந்தார். சுழல்வது முழுக்க நின்றதும், அவன் காலருகே கிடந்த இரும்புத் தடியைக் காலாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டார்.

பிறகு மெல்ல, "எக்ஸலன்ட்" என்றார்.

பல்லன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

"அங்க யாரும் இல்லடா" என்றார் மாமா. "உன்னைத்தான்."