வீட்டில் எத்தனை பேர்?

அந்த வாஷிங் மெஷின் போய்ச் சேர்வதற்கு முன்னால் ரொம்பத்தான் ஆட்டம் போட்டது. துணி பிழியும் நேரம் வந்தால் போதும், பின்பக்க பால்கனியின் மூலையிலிருந்து தடதடவென்று கிளம்பி, தண்ணீர்க் குழாய் விடுகிற மட்டும் நகர்ந்து வந்து நிற்கும். கண்ணாடியக்கா சமையலறையிலிருந்து ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். "அம்மா மெஷினோட டான்ஸ் ஆடறாங்க" என்று மகன்கள் இருவரும் சிரிப்பார்கள். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவிலேயே கரகரவென்று இருமிவிட்டு அடங்கிப்போனது. வந்து பார்த்த மெக்கானிக் டிரம்மைக் கையால் சுற்றிவிட்டு, "பேரிங் போயி, ஷாஃப்டையும் தின்னுடுச்சும்மா. இனிமே இதுல கைய வெக்கறது வீண்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

கண்ணாடியக்கா என்பது அவள் பெயரல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பார்த்து பவர் சொல்வது அவள் வேலை. தெருவில் பாதிப் பேர் போட்டிருப்பது அவள் பார்த்துக் கொடுத்த கண்ணாடிதான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். சட்டையெல்லாம் கிரீஸோடு வருவான். ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். மகன்கள் விளையாட்டு மைதானத்தைச் சட்டையில் வாரிக்கொண்டு வருவார்கள். மாமனாருக்கு வயதாகிவிட்டதால் சில நாள் படுக்கையிலேயே நனைந்துவிடும். மொத்தத்தில் அந்த வீட்டில் அழுக்குத்துணிக்குப் பஞ்சமே கிடையாது.

போன வருஷம் நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். கணவனுக்கு ஒரே தங்கை. கட்டினவனோடு இனி ஒத்துவராது என்று தீர்மானித்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள். "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. பேக்கரி ஒன்றில் வேலை தேடிக்கொண்டாள். பையன்கள் படித்துக்கொண்டிருந்த சின்ன அறை அம்மாவுக்கும் பெண்ணுக்கும் என்றாயிற்று.

வந்த நாளிலிருந்தே நாத்தனார் தன் துணியையும் மகள் துணியையும் மெஷினில் போடுவதில்லை. எல்லோரும் எழுந்திருப்பதற்குள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கையால் துவைத்துவிடுவாள். கண்ணாடியக்கா எழுந்து வரும்போது கொடியின் அந்தக் கோடியில் அவை சொட்டிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் ஒரு தடவை, "இதுலயே போடேன், குட்டி" என்று சொல்லிப் பார்த்தாள். குட்டி என்பது நாத்தனாரின் செல்லப்பெயர். "பரவால்ல அண்ணி, என்ன பெரிய துணி" என்று பதில் வந்தது. அதற்குமேல் அவளும் வற்புறுத்தவில்லை. இவ்வளவு வீம்பு எதற்கு என்று கொஞ்சம் கோபம் இருந்தது. ஒரு மூட்டை வேலை குறைந்ததே என்று கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றி அவள் ரொம்ப யோசிக்கவில்லை.

மெஷின் பழுதான வாரக் கடைசியில் கணவனும் மனைவியும் கடைக்குப் போனார்கள். கடை முழுக்க வெள்ளையும் சாம்பலுமாக மெஷின்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசை கட்டி நின்றன. கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த விற்பனையாளர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"அஞ்சு" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏழு" என்றாள் கண்ணாடியக்கா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. விற்பனையாளர் இவன் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தொழிலில் பழுத்தவர் போலிருக்கிறது, சட்டென்று சமாளித்தார். "அஞ்சுன்னா எட்டு கிலோ போதும் சார். ஏழுன்னா பன்னெண்டு கிலோவுக்குப் போயிடுங்க. இப்ப சின்னதா வாங்கிட்டு அப்புறம் அதுல திணிச்சுத் திணிச்சுப் போட்டா மெஷின் தாங்காது."

லிஃப்ட் மெக்கானிக் எட்டு கிலோவைத் தட்டிப் பார்த்தான். பிறகு பன்னிரண்டு கிலோவைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "யோசிச்சுட்டு வரோம்" என்றான்.

வெளியே வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, சொந்தத் தங்கச்சிய விட்டுட்டுக் கணக்குச் சொல்றீங்களே!"

"உனக்காகத்தான் சொன்னேன்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஏழுன்னு நான் சொல்லி, நீ முகத்தத் தூக்கிட்டா? உன்ன ஒரு வார்த்தை கேக்காமத்தானே அவள வரச் சொன்னேன். அதுவே இன்னும் எனக்கு உறுத்திட்டிருக்கு."

ஏழு என்று ஏன் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. காலையில் ஏழு டம்ளர் கழுவி வைக்கிற கை. வாயும் அதைச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அந்த ஏழு அவளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. தான் நல்ல மனசுக்காரிதான் என்று தோன்றியது. மாடிப்படி ஏறும்போது தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

வீட்டில் மாமனார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "என்னாச்சு, மெஷினு?" என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் நடந்ததை ஒரு ஜோக் மாதிரி சொல்லிவிட்டான். தான் அஞ்சு என்றதை மட்டும் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டு, ஏழு பேருக்கென்று பெரிய மெஷின் பார்த்த கதையைச் சொன்னான். நாத்தனார் காதில் அது விழுந்தது. சற்று நேரம் கழித்து அவள் சமையலறைக்கு வந்தாள்.

"அண்ணி, எங்களுக்காகப் பெரிசா எல்லாம் வாங்காதீங்க."

"உங்களுக்காகன்னு யார் சொன்னது? வீட்டுக்குத்தான்."

"எங்க ரெண்டு பேரையும் சேர்க்காதீங்கன்னு சொல்றேன்." நாத்தனார் குரல் அடங்கியிருந்தாலும் விறைப்பாக இருந்தது. "பேக்கரி பக்கத்துல ஒரு வீடு சொல்லி வெச்சிருக்கேன். எப்ப கிடைக்கும்னு தெரியல, ஆனா கிடைக்கும். நீங்க எங்களையும் கணக்குல வெச்சு மெஷின் வாங்கிட்டா, இவ இனிமே எங்கயும் போக மாட்டா, இவ கதை இவ்வளவுதான்னு வீடே முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கு."

கண்ணாடியக்காவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இருக்கச் சொன்னால் அதுவும் குற்றமா? "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் நடுவே தேவைக்குப் பேச்சு என்றாகிவிட்டது. "டீ இருக்கு." "சரிங்க அண்ணி." அவ்வளவோடு சரி.

மெஷின் இல்லாத வீட்டில் துணி மட்டும் நிற்காமல் சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு விடியற்காலை மாமனார் அறையிலிருந்து, "அம்மாடி, இன்னைக்கும் அப்படி ஆயிடுச்சும்மா" என்று சங்கடமாகக் குரல் கொடுத்தார். "அதுக்கென்ன மாமா, எழுந்திருங்க" என்று அவரை உட்கார வைத்து, விரிப்பை உருவிச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தூக்கக் கலக்கத்தில் தள்ளிவிட்டாள்.

நாத்தனார் வாளி முன்னால் குந்தியிருந்தாள். கையில் ஒரு விரிப்பு. பக்கத்தில் சின்னப் பெண்ணின் கால்சட்டை. கண்ணாடியக்காவுக்கு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கையில் பிடித்திருந்த விரிப்பில் என்ன வாடையோ அதே வாடைதான் அங்கேயும்.

நாத்தனார் எழுந்திருக்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் அப்படியே இருந்தாள். பிறகு சொன்னாள்: "இங்க வந்தப்புறமும் இது நிக்கல அண்ணி. அங்க இருக்கறப்பவே ஆரம்பிச்சிடுச்சு. ஒன்பது வயசுப் பொண்ணு. பையன்களுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவாங்களோன்னு தினமும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'யார்கிட்டயும் சொல்லாதம்மா'ன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் தூங்கப் போறா."

வீம்பு என்று நினைத்திருந்தாளே! ஒரு வருஷமாகக் கொடியின் கோடியில் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவள். இப்போது தான் அழுதால் நாத்தனார் இன்னும் கூசிப்போவாள் என்று தோன்றியது. அதனால் மாமனாரின் விரிப்பையும் அதே வாளியில் போட்டாள்.

"தள்ளிக்கோ" என்றாள். "ரெண்டையும் சேர்த்தே அலசிடலாம்."

இரண்டு பேருமாக அலசினார்கள். விரிப்பின் ஒரு முனையை நாத்தனார் பிடித்துக்கொள்ள, மறு முனையை இவள் பிடித்து, ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் சர்ரென்று இருவர் காலிலும் கொட்டியது. நாத்தனார் பேக்கரியில் மாவு பிசைகிற கைக்காரி; அவள் முறுக்கிய வேகத்தில் கண்ணாடியக்கா இழுபட்டு, கதவில் மோதிக்கொண்டாள். "அடியே, என்னையும் சேர்த்துப் பிழிஞ்சுடாத!" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டதில் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

விரிப்பை உதறிக் கொடியில் போடும்போது கண்ணாடியக்கா சொன்னாள்: "நீ வீடு பார்த்துப் போறதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாது. போறப்ப போ. உன்ன இங்க கட்டிப் போடறதுக்கு மெஷின் வாங்கல. ஆனா இருக்கற வரைக்கும் ஒளிஞ்சு ஒளிஞ்சு துவைக்காத. மாமா விரிப்பு மட்டும் இந்த வீட்ல எல்லாரும் பாக்கத்தானே காயுது? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கோமா?"

"அப்பாவுக்கு வயசாச்சு அண்ணி."

"இவளுக்கு வயசாகல. அவ்வளவுதானே வித்தியாசம்."

நாத்தனார் ஈர விரிப்பின் சுருக்கத்தை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

இந்தத் தடவை கடைக்கு இரண்டு பெண்களுமாகப் போனார்கள். லிஃப்ட் மெக்கானிக்கை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கும் அது நல்லதாகப் போயிற்று. விற்பனையாளர் கண்ணாடியக்காவை அடையாளம் கண்டுகொண்டார். தலை எண்ணிக்கையைப் பற்றி மறுபடி வாயைத் திறக்காமல், "வாங்க மேடம், என்ன மாதிரி பாக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

நாத்தனார் முன்னால் வந்தாள். "பெரிய மெத்தை விரிப்பு, தடியான போர்வை, இது ரெண்டும் ஒண்ணா சுத்தணும். சும்மா உள்ள அடங்கினா போதாது, புரண்டு வரணும். எதுல வரும்?"

அவர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நாத்தனார் ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் தோள்வரை கையை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்தாள். மாவு பிசைகிற இயந்திரத்துக்குள் மாவுக்கு இடம் போதுமா என்று பார்த்துப் பழகிய கை. வெந்நீரில் துவைக்குமா, வாடை போகுமா, துணி குறைவாகப் போட்டால் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுமா என்று கேட்டாள். கடைசிக் கேள்விக்கு விற்பனையாளர், "அதுவே எடை பார்த்துத் தண்ணி எடுத்துக்கும் மேடம்" என்றதும், அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ இந்தப் பன்னெண்டு கிலோவே இருக்கட்டும் அண்ணி. ஆள் குறைஞ்சாலும் வீணாப் போகாது."

கண்ணாடியக்கா தலையாட்டினாள். ஆள் குறைந்தாலும் என்று அவள் சொன்னது மனசில் சுருக்கென்றது. அப்படிச் சுருக்கென்றது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மெஷின் வந்திறங்கிய அன்றைக்குத்தான் வேடிக்கை. லிஃப்ட் மெக்கானிக் டேப்பை வைத்துப் பால்கனி மூலையை நீளம், அகலம், உயரம் என்று அளந்து வைத்திருந்தான். மூன்று மாடி ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் வியர்வை சொட்டச் சொட்ட மெஷினைப் பால்கனி வாசலில் இறக்கினார்கள். மெஷின் உள்ளே போகவில்லை. வாசலை அளக்க அவனுக்குத் தோன்றவில்லை!

"நீ லிஃப்ட்டுக்கும் இப்படித்தான் அளவெடுப்பியாடா?" என்றார் மாமனார் நாற்காலியிலிருந்து.

அவன் அசடு வழிந்துகொண்டே தன் வேலைப் பையை எடுத்து வந்து, கதவை நிலையிலிருந்து கழற்றினான். கழற்றிய கதவை ஒரு பக்கம் கண்ணாடியக்காவும் மறு பக்கம் நாத்தனாரும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு விரல் இடைவெளியில் மெஷின் உரசாமல் உள்ளே போனது. பையன்கள் கைதட்டினார்கள்.

முதல் துவைப்பு என்று எல்லோரும் சுற்றி நின்றபோது, நாத்தனாரின் மகள் மட்டும் அறை வாசலிலேயே நின்றாள். கண்ணாடியக்கா கூடையிலிருந்து விரிப்புகளை எடுத்துப் போட்டாள். தாத்தாவுடையது, பேத்தியுடையது, தன்னுடையது, பையன்களுடையது எல்லாம் கலந்துகட்டிப் போயின. எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெண் மெதுவாக நடந்து வந்து, கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். "அத்தை, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுது" என்றாள்.

"விழட்டும், விழட்டும். அப்பத்தான் வெளுக்கும்" என்றாள் கண்ணாடியக்கா.

அந்தப் பெண்ணின் கஷ்டம் அதற்குப் பிறகும் சில மாதம் இருந்தது. பிறகு குறைந்தது. எப்போது முழுசாக நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. நாத்தனாருக்கு அவள் நினைத்த வீடும் கிடைத்தது. பேக்கரிக்குப் பின்னாலேயே, இரண்டு அறையும் ஒரு ஜன்னல் நிறைய வெளிச்சமுமாக. போகிற அன்று யாரும் அழவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு வந்து, வேலையே இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

இப்போதும் விடுமுறை நாட்களில் நாத்தனார் போர்வை மூட்டையோடு வருகிறாள். அங்கே துவைக்க இடம் போதவில்லை என்பது சொல்கிற காரணம். மெஷின் சுற்றிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் பால்கனித் தரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பேக்கரி முதலாளி புது அடுப்பை நாத்தனார் பொறுப்பில் விட்டிருக்கிறார். கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர் தலைமேல் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு கடை முழுக்க அதைத் தேடியிருக்கிறார். பேச்சுக்கா பஞ்சம்? துவைத்து முடித்த மெஷின் பீப் பீப் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானாகவே ஓய்ந்துபோகும். அதற்கப்புறமும் அவர்கள் உடனே எழுந்திருப்பதில்லை.