இரண்டு வீட்டுக்கு ஒரு உம்மா

பரீதாவுக்கு அன்று விடிந்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை. முற்றத்தைக் கூட்டினாள், கூட்டிய முற்றத்தையே மறுபடியும் கூட்டினாள். கதிரைகளைத் துடைத்தாள். அலுமாரிக்குள் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சீனியை வெளியே எடுத்தாள். சீனிக்கும் மாவுக்கும் ஊரே வரிசையில் நின்று தவம் கிடந்த காலம் அது. புருஷன் சரீப்புக்குப் பல நாள் வெறும் தேத்தண்ணி கொடுத்துச் சேர்த்த சீனி. இன்றைக்கு அள்ளிக் கொட்டாமல் பிறகு என்றைக்குக் கொட்டுவது? அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை கேட்டு வருகிறார்கள், அவளுடைய ஒரே மகன் அன்ஸாரைக் கேட்டு!

வருகிறவர்கள் ஒன்றும் தூரத்து ஆட்கள் இல்லை. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கத்து ஸல்ஹாவும் அவள் புருஷன் முத்தலிப்பும்தான். அவர்களுடைய இளைய மகள் ஸுல்பிகாதான் பெண்.

"வேலிக்கு மேலால எட்டிக் கதைச்சா முடியிற அலுவல். அதுக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார் சரீப்.

"உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா இரிங்க" என்று அவர் வாயை அடைத்தாள்.

உண்மையில் அவருக்குத் தெரியாதுதான். மகனுக்குக் கலியாணம் என்றால் எந்தத் தாய்க்கும் சந்தோசம் இருக்கும். பரீதாவுக்கு அதற்கு மேலேயும் ஒன்று இருந்தது. இந்தக் கலியாணம் நடந்தால் ஸல்ஹா மாமியாராகிவிடுவாள். மாமியாரானவளை அன்ஸார் 'மாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். இத்தனை வருசமாக அவளைக் கூப்பிட்ட மாதிரி 'உம்மா' என்று இனிக் கூப்பிட ஏலாது. அப்போது அந்த 'உம்மா' சும்மாதானே கிடக்கும்? அது தன்னிடம் வந்தே தீரும் என்று பரீதா நினைத்தாள்.

பெற்றவள் இருக்க அடுத்த வீட்டுக்காரி எப்படி உம்மாவானாள் என்று கேட்பீர்கள். ஒருவரும் ஒரு பிழையும் செய்யவில்லை. அதுதான் பரீதாவுக்கு இன்னும் எரிச்சல். யாரையாவது ஏசலாம் என்றாலும் ஏச ஆளில்லை.

பரீதா குமராகும் முன்னமே அவளுடைய தாய் மவுத்தாகிவிட்டாள். தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்கியது பரீதாதான். அவர்களுக்கு அவள் ராத்தா, மூத்த சகோதரி. காலையில் கண் விழித்தால் "ராத்தா, பசிக்குது." வெளியே போய் வந்தால் "ராத்தா, அவன் எனக்கு அடிச்சிட்டான்." அந்த வீட்டில் 'உம்மா' என்று கூப்பிட ஆளுமில்லை, கூப்பிடப்படவும் ஆளில்லை. அதற்குள்தான் அன்ஸார் பிறந்தான். குழந்தை எதைக் கேட்குமோ அதைத்தானே பேசும்? பெற்ற தாயைப் பார்த்து அவன் வாய் திறந்து சொன்ன முதல் சொல் "ராத்தா!" வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பரீதாவும்தான் சிரித்தாள், பைத்தியக்காரி.

சரீப்பின் கதை இன்னும் மோசம். மனைவியின் தம்பி தங்கைகள் அவரை மச்சான் என்பார்கள். மகனும் அதையே பிடித்துக்கொண்டான். பள்ளிவாசல் வாசலில் நாலு பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். தோளில் இருந்த பயல் "மச்சான், இனிப்பு வாங்கித் தாங்க" என்கிறான்! சரீப்புக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கே ஒரு போத்தல் தோடம்பழ இனிப்பு வாங்கி வந்தார். 'வாப்பா' என்று சொன்னால் ஒன்று, 'மச்சான்' என்றால் இல்லை. பயல் சீக்கிரமே திருந்திவிட்டான். பரீதாவுக்கு அப்போது அந்தப் புத்தி வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு லஞ்சம் கொடுத்தா உம்மா என்று கூப்பிட வைப்பது, வளர வளரத் தானாக வரும் என்று இருந்துவிட்டாள்.

தானாகத்தான் வந்தது, ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் போய் வந்தது. ஸல்ஹாவின் மூத்தவள் றஹ்மாவும் அன்ஸாரும் ஒரே வயசு. அவள் "உம்மா" என்று ஓட, இவனும் "உம்மா" என்று பின்னால் ஓடினான். விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் ஸல்ஹாவிடம்தான் ஓடுவான். பரீதா எண்ணெய்ப் போத்தலோடு இந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். ஒருநாள் பொறுக்க ஏலாமல், "உம்மா எண்டு சொல்லு, அப்பதான் சோறு" என்று கோப்பையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த முழித்தான். பிறகு வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்துபோய் ஸல்ஹா வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு பரீதா அந்தக் கதையையே எடுக்கவில்லை. ரோசக்காரி அவள்.

இப்போது அவன் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். காலையில் சைக்கிளோடு 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித் துறையைக் கடந்து போய், பின்னேரம் திரும்பி வருவான். பனை மாதிரி வளர்ந்த ஆம்பிளை வாசலில் நின்று, "ராத்தா, சோறு போடுங்க" என்பான். ஸுல்பிகா சின்ன வயசில் அவனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள், கூடப் பிறந்த அண்ணனைப் போல. கொஞ்சக் காலமாக அவள் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். "அவர்", "இவர்", அதுவும் இல்லையென்றால் ஒரு இருமல். பரீதாவுக்கு அதிலேயே விசயம் பிடிபட்டுவிட்டது. பிடிபட்ட அன்றே ஸல்ஹாவின் காதில் போட்டு, முத்தலிப்பைக் கிளப்பி, இந்த நாள் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான்.

அஸர் முடிந்தது. ஸல்ஹாவும் முத்தலிப்பும் வந்தார்கள், வாழைக்குலையோடு அவருடைய தம்பி வந்தார், பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்த ஸெய்னுதீன் மௌலவி வந்தார். மௌலவி வெளியூர், ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று இனித்தான் படிக்க வேண்டும். ஆண்கள் முன்னால் அமர்ந்தார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் குசினிப் பக்கம். பரீதா பலகாரத் தட்டை அனுப்பினாள், தேத்தண்ணி அனுப்பினாள், திரையில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். எல்லாம் சரி. நாள் குறித்து ஃபாத்திஹா ஓத வேண்டியதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது. மஃரிபு தொழுகை வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டாதே என்று பரீதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளைக் கிணற்றடியில் சாத்திவிட்டு, அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஸல்ஹாவிடம் வீடு முழுக்கக் கேட்கக் கேட்டான்: "உம்மா! வந்திட்டாங்களா? ராத்தா எங்க?"

மௌலவி ஓதத் தூக்கிய கையைக் கீழே விட்டார்.

"இவர்தான் மாப்பிள்ளையா?"

"ஓம்" என்றார் சரீப்.

"அங்க நிக்கிறது ஆரு?"

"பொண்ணுட உம்மா" என்றார் முத்தலிப்.

"மாப்பிள்ளை அவவை உம்மா எண்டு கூப்பிடுறார். அப்ப ராத்தா எண்டது?"

"அது என்ட பெண்சாதி. மாப்பிள்ளைட உம்மா" என்றார் சரீப். சொல்லும்போதே அவருக்கு வியர்த்துவிட்டது.

மௌலவி ஒருவர் மாறி ஒருவர் முகத்தைப் பார்த்தார். "பெத்த தாய் ராத்தாவா? அடுத்த வீட்டுத் தாய் உம்மாவா? கோவிக்காதீங்க, கேக்க வேண்டியது என்ட கடமை. அந்த உம்மா இவருக்குப் பால் குடுத்திருக்காவா? குடுத்து வளத்திருந்தா இவர் அவட மகன். பொண்ணு இவருக்குத் தங்கச்சி. இந்த நிக்காஹ்வுக்கு இடமில்லை."

முத்தலிப்பின் தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர், தொண்டையைச் செருமினார். "பிள்ளை பிறந்த கையோட பரீதா ராத்தா காய்ச்சல்ல பேச்சு மூச்சில்லாமக் கிடந்தாவே. அப்ப பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது எங்கட மதினிதானே. மதினிட கையிலயும் அப்ப றஹ்மா பால்குடி."

"நீ சும்மா இரிடா!" என்றார் முத்தலிப். ஆனால் அவருக்கும் தெரியாது. அந்த நாட்களில் அவர் வெள்ளாமை வெட்டுக்குப் போயிருந்தார். சரீப் பட்டினத்தில் டொக்டரைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் பரீதா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஞாபகமே இல்லை! நெருப்பாகக் கொதித்தது ஞாபகம் இருக்கிறது, கண் விழித்தபோது பிள்ளை பக்கத்தில் கொழுகொழுவென்று கிடந்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் யார் என்ன கொடுத்தார்கள்? பால் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. கலியாணமும் போச்சு. அவன் என்றென்றைக்கும் ஸல்ஹாவின் மகன், மார்க்கப்படியே மகன். தான் சாகும் வரைக்கும் ராத்தா. யா அல்லாஹ், ஆசைப்பட்டு நானே இதைக் கிளறிவிட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் கிடுகைப் பிடித்தபடி ஸுல்பிகாவின் விரல்கள் தெரிந்தன.

ஸல்ஹா கிணற்றடியிலிருந்து வந்து திரைக்குப் பின்னால் பரீதாவின் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் அவள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவளோ சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அடக்க ஏலாத சிரிப்பு.

"ஹஸரத், நான் பால் குடுக்கல்ல. குடுக்கத்தான் போனன். அழுதுகொண்டு கிடந்த பிள்ளையைத் தூக்கி மடியில வச்சிட்டன். கண்ணே திறக்க ஏலாமக் கிடந்த இவள், என்ட சட்டையைப் பிடிச்சு இழுத்தாள்."

"நானா?" என்றாள் பரீதா.

"வேற ஆரு? 'ஸல்ஹா, உன்ட பாலைக் குடுத்திராத. நான் செத்தாலும் ஆட்டுப்பாலைக் குடு. நாளைக்கு உன்ட மகளை என்ட மகனுக்குக் கேக்கோணும்' எண்டாள். சாகக் கிடக்கிறவள் சம்பந்தம் பேசுறாளே எண்டு எனக்கு வந்த கோவம்! ஆனா மீற மனம் வரல்ல. ஆட்டில கறந்து, காய்ச்சி, சங்கால புகட்டினன். ஒரு சொட்டு என்ட பால் அவன்ட வாயில படல்ல. அல்லாஹ் சாட்சி. உம்மா எண்டு கூப்பிட்டதெல்லாம் என்ட பிள்ளைகளைப் பாத்துப் பழகினது. அவனைப் பெத்ததும் இவள்தான், காய்ச்சல் விட்ட பிறகு பால் குடுத்ததும் இவள்தான்."

"மாஷா அல்லாஹ்!" என்றார் மௌலவி. அவரும் சிரித்துவிட்டார். "காய்ச்சல்லயும் கணக்குப் பிழைக்காத மனுசி. கையைத் தூக்குங்க, ஓதுவம்."

வேலிக்கு அந்தப் பக்கம் தடதடவென்று ஆள் ஓடும் சத்தம் கேட்டது. பரீதா ஸல்ஹாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். "ஏன்டி இவ்வளவு காலமும் சொல்லல்ல?" என்று கேட்டாள். "நீ மறந்தா நானா பொறுப்பு?" என்றாள் ஸல்ஹா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே கோலாகலம். நிக்காஹ் அன்று அன்ஸாரை வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஊரைச் சுற்றி அழைத்துப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டார்கள். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பான். ஸல்ஹா பால் கிளாஸை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, நாக்குத் தடுமாறி, "சரி... மாமி" என்றான். கூடி நின்ற பெண்கள் ஹோவென்று சிரித்தார்கள். ஸல்ஹாவும் சிரித்தாள். ஆனால் முகம் ஒரு கணம் வாடியதைப் பரீதா கண்டாள். விட்டுக் கொடுத்தவளுக்கும் நோகத்தானே செய்யும். அவள் கையைப் பரீதா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை. பெண் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய சாப்பாட்டுக்குப் பரீதா குசினியில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேலிப் பக்கம் அன்ஸாரின் குரல் கேட்டது.

"உம்மா."

பார்த்தீர்களா, நேற்றுத்தான் மாமி என்றான், விடிந்ததும் பழைய குணம், என்று பரீதாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஸல்ஹாவுக்குக் காது அடைத்துவிட்டதா, பதில் சொன்னால் என்ன? சட்டியை ஓங்கிக் கிளறினாள்.

"உம்மா!"

இப்போது குரல் கிட்ட வந்திருந்தது. அவள் திரும்பவில்லை. உப்புப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"ராத்தா!"

"என்ன மகன்?" என்று சட்டென்று திரும்பினாள்.

குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு அன்ஸார் நின்றான். காது மடல் வரை சிவந்திருந்தது. "எத்தினை தரம் கூப்பிடுறது? ராவு முழுக்க ஸுல்பிகா எனக்குச் சொல்லித் தந்து அனுப்பியிருக்காள். நீங்க திரும்பியே பாக்கல்ல."

பரீதாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அகப்பை கையிலிருந்து நழுவிச் சாம்பலில் விழுந்தது. எத்தனை வருசம் காத்திருந்த சொல்! வந்து வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரியைத்தான் கூப்பிடுகிறது என்று அவள் உப்புப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. முந்தானையை இழுத்து ஒழுங்காகத் தலையில் போட்டுக்கொண்டு, அவனுக்கு முதுகு காட்டி அடுப்பைப் பார்த்து நின்றாள்.

"இன்னொருக்காக் கூப்பிடு மகன். இந்தத் தரம் நான் திரும்புறன்."