புதன்கிழமை மாத்திரை

விதொசாவாவுக்கு அறுபத்தெட்டு வயது. மூன்று வருடமாக இதயம் பலவீனம். இரத்தத்தை முழுசாக இறைத்துத் தள்ள மாட்டேன் என்று அது அடம்பிடிக்கிறது. அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை. போட்ட அரை மணியில் வேலையைக் காட்டிவிடும். அதன் பிறகு மூன்று மணி நேரம் கழிப்பறையை விட்டு நாலடி நகர முடியாது.

அவள் வசிக்கும் கோலியா மலையிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். இதய நோயாளிகளைப் பார்ப்பது புதன்கிழமை மட்டும். சந்தையும் அன்றுதான் என்பதால் வண்டி பிதுங்கி வழியும். முதல் வருடம் ஒரு தடவை, அடக்க முடியாமல், ஓட்டுநர் மிலிசாவிடம் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், மறைவுக்கு ஒரு செடி இல்லை. வண்டியிலிருந்த ஆண்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் அவள் மானத்தை வாங்கியது. அடுத்த வாரமே அந்தத் திருப்பத்துக்கு அவள் பெயரைச் சுருக்கி ‘விதா வளைவு’ என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. இன்றுவரை மிலிசாவ் அங்கே வந்ததும் ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவான்.

அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போகிற நாளில் அவள் மாத்திரையைத் தொடுவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாளும் போடுவதில்லை. ஆகவே மருத்துவர் சென்கா பார்க்கும்போதெல்லாம் அவள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்பார். போடுகிறேன் என்பாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. பேருந்து ஏறும் நாள் கணக்கில் சேராது. மருத்துவர் அளவைக் கூட்டுவார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிவிட்டது. மற்ற நாட்களில் நான்கையும் விழுங்கிவிட்டுத் தலைசுற்றலோடு சுவரைப் பிடித்து நடப்பாள். போன மாதம் கோழிக்கூண்டருகே மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்திரியாவில் வேலை பார்க்கும் மகன் ரதோமிருக்குப் போன் போட்டுவிட்டாள்.

ரதோமிர் முதியோர் இல்லத்து விண்ணப்பத்தோடு வந்து இறங்கினான். ‘இவர் தனியாக வாழ முடியாதவர்’ என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இடம் தயார். வீட்டை விட்டுப் போவதும் சாவதும் எனக்கு ஒன்றுதான் என்றாள் விதொசாவா. இங்கே விழுந்து கிடந்தால் யார் தூக்குவது என்று அவன் கேட்டான்.

அந்தப் புதன்கிழமை அவன் காரில் போனார்கள். கார்தானே, மகன்தானே என்று துணிந்து, முந்தின நாளும் அன்று காலையும் மாத்திரை போட்டாள். வழியில் மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை ரதோமிர் உச்சுக்கொட்டினான்.

மருத்துவர் சென்கா அவள் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதியவில்லை. எடை போன தடவையைவிட நான்கு கிலோ குறைவு. இரத்த அழுத்தம் ரொம்பவும் இறங்கிக் கிடந்தது. இந்தத் தடவை புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார். விதொசாவா மேசை மேல் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள். வெட்கத்தைப் பார்த்தால் வீடு போய்விடும்.

“மாத்திரை போட்டேன், டாக்டரம்மா.”

“அப்போ இதுக்கு முன்னாடி?”

“போட்டுட்டு பஸ்ல ஏறினா நான் எங்க போறது? மாத்திரையைப் பத்தித்தான் கேட்டீங்க. எப்படி வர்றேன்னு கேக்கவே இல்லையே.”

மருத்துவர் பழைய தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு தடவையும் கூட்டி எழுதியது அவர் கையெழுத்துத்தான். அவர் முகம் சிவந்தது. இனி ஒன்று போதும் என்றார். இங்கே வருகிற அன்று மத்தியானம் வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொண்டால் ஒரு கெடுதலும் இல்லை என்றார். விதொசாவாவுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. சில மணி நேரம் தள்ளிப் போடுகிற விஷயத்துக்கா இத்தனை நாள் சுவரைப் பிடித்து நடந்தோம்?

ரதோமிர் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டான். “கேட்டீங்களா டாக்டர்? தானா மருந்தை நிறுத்திட்டு ரெண்டு வருஷமா வாயே திறக்கல. இவங்களையா தனியா விடச் சொல்றீங்க?” என்று விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினான்.

வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவள் சொன்ன உண்மையே அவளுக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது. அவள் தலை குனிந்தாள்.

மருத்துவர் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தார். வெளியே பெஞ்சுகளில் நோயாளிகள் சந்தைப் பைகளோடு காத்திருந்தார்கள். மலைப் பேருந்தில் வந்தவர்கள் யார் என்று கேட்டார். பதினோரு கைகள் எழுந்தன.

“இதுல இன்னிக்குக் காலைல நீர் மாத்திரை போட்டுட்டு வந்தவங்க மட்டும் கையை இறக்காம வைங்க.”

முதலில் ஒரு கிழவர் கையை இறக்கித் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு இரண்டு சகோதரிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் இறக்கினார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் ஒரு கைகூட மேலே இல்லை.

மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, கையெழுத்துப் போடாமலேயே விண்ணப்பத்தை ரதோமிரிடம் திருப்பிக் கொடுத்தார். அவன் அதை மடித்துக்கொண்டே அம்மாவின் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா?”

“நீ எந்தப் புதன்கிழமைடா வந்தே?” என்றாள் விதொசாவா.