அடினினுக்கு ஜோடி

உயிரின் ரகசியத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் மொத்தம் நான்கைந்து பேர்தான். அவர்களில் ஒருவன் 1970-இல் தாம்பரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தான். பெயர் வில்பிரட். நான்தான்.

பல்கலைக்கழகத்துக்கு இந்த விஷயம் எட்டாததால் ஏப்ரல் வாய்மொழித் தேர்வில் என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். அக்டோபரில் மறுதேர்வு. பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை எனக்காகக் காத்திருந்தது. இந்த முறையும் தோற்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகத் தலைமையாசிரியர் அன்போடு சொல்லியிருந்தார்.

தேர்வுக்கு முந்தின நாள், என்னோடு தோற்ற லாசரஸைப் பார்க்கக் குரோம்பேட்டைக்குப் போனேன். அவனும் அவன் தங்கை புஷ்பமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் அவனுடைய நோட்டு.

“அடினின்,” என்று இழுத்தான் லாசரஸ்.

“தைமின்,” என்றாள் புஷ்பம்.

“குவானின்.”

“சைட்டோசின்.”

ஞாயிறு ஆராதனையில் போதகர் சங்கீதத்தில் ஒரு வசனம் வாசிக்க, சபையார் அடுத்ததை வாசிப்பார்களே, அதே ராகம்.

“காணிக்கைத் தட்டு எப்போடா வரும்?” என்று கேட்டேன்.

“சிரிக்காதே மச்சான். இப்படிச் சொன்னாதான் எனக்கு மண்டையில நிக்குது.”

“கிளிக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுக்கலாம். புரிஞ்சுக்கணும்டா,” என்று விளக்க உட்கார்ந்தேன். டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி. ஒவ்வொரு படியும் இரண்டு துண்டு. அடினினும் குவானினும் பெரியவை. தைமினும் சைட்டோசினும் சின்னவை. பெரியதோடு பெரியது சேர்ந்தால் ஏணி புடைக்கும். சின்னதோடு சின்னது சேர்ந்தால் ஒடுங்கும். ஆகையால் படிக்கு ஒரு பெரியது, ஒரு சின்னது. இதற்குப் பாட்டு எதற்கு?

புஷ்பம் யோசித்தாள். “அப்போ அடினினும் சைட்டோசினும் சேரலாமா அண்ணா?”

“தாராளமா.”

லாசரஸ் என்னை ஏறிட்டுப் பார்த்தான். “ஏப்ரல்ல இதைத்தான் சொன்னியா?”

“இதேதான். கேள்வி கேட்ட ஆளுக்கு விளங்கலை.”

புஷ்பம் நோட்டை என் பக்கம் திருப்பினாள். “அளவு மட்டும் பத்தாதுண்ணா. ஒண்ணையொண்ணு பிடிக்கிற இடமும் நேருக்கு நேர் வரணுமாம். அடினினும் தைமினும் ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. குவானினும் சைட்டோசினும் மூணு. நீங்க சொல்ற ஜோடிக்குப் பிடி பொருந்தாது.”

படத்தைப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஆறு மாதமாகத் திட்டிவந்த தேர்வாளரை நினைத்துக்கொண்டேன்.

“எனக்குத் தெரியும்மா. நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்.”

“பேஜார் பண்ணாதே,” என்றான் லாசரஸ். “டி.என்.ஏ.வைப் பார்த்து நகலெடுக்கிற ஆர்.என்.ஏ.ல தைமினே கிடையாது. அடினினுக்கு எதிரே யுராசில். இதுலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. எங்ககூட ஒரு தடவை சொல்லிப் பாரு.”

“புரிஞ்சவனுக்கு அது எதுக்கு?” என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் வந்தவர் ஏப்ரலில் வந்த அதே தேர்வாளர். கரும்பலகையில் ஒரு டி.என்.ஏ. இழையின் ஆறு துண்டுகளுக்கான எழுத்துகளை எழுதி, சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

“இதுக்கு எதிரே வர்ற ஆர்.என்.ஏ.வை எழுதுங்க, மிஸ்டர் வில்பிரட்.”

முதலில் குவானின். சைட்டோசின் எழுதினேன். அடுத்து தைமின். அடினின் எழுதினேன். மூன்றாவது அடினின். புரிதல் வருவதற்காகக் காத்திருந்தேன். ஏணி வந்தது, புடைப்பு வந்தது, ஒடுக்கம் வந்தது. எழுத்து வரவில்லை. கை தன் பாட்டுக்குத் தைமினை எழுதப் போனது.

கையை நிறுத்தினேன். தேர்வாளருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “அடினின்...” என்று வாய்க்குள் இழுத்தேன், லாசரஸின் ராகத்தில். சபையாரும் நானே.

“யுராசில்.”

எழுதினேன்.

“என்ன சொல்றீங்க?” என்றார் தேர்வாளர்.

“ஒண்ணுமில்லை சார்.”

இன்னும் மூன்று எழுத்து பாக்கி இருந்தது. குரலை இன்னும் கொஞ்சம் தணித்துக்கொண்டு அடுத்ததை இழுத்தேன்.