இருசப்பனுக்கு இரண்டு ஜோடி

சாலவாக்கத்து ஏரிக்கரையை ஒட்டியிருந்த வரதனின் எலுமிச்சைத் தோட்டத்தில் இருசப்பன் கூலிக்கு வேலை பார்த்தான். சாயங்காலம் அவன் வீடு திரும்பியதும் சிட்டம்மாளுக்கு முதல் வேலை, புருஷன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஊக்கால் முள் எடுப்பதுதான். கல்யாணமாகி ஆறு வருஷமாக இதே கதை. காய்ந்த கிளைகளைக் கழிக்கும் மாதங்களில் அவனால் சோற்றைக்கூடப் பிசைய முடியாது. அவளே ஊட்டிவிடுவாள்.

"இந்தக் கைக்கு ஒரு சட்டை தெச்சுப் போட்டா இன்னா?" என்றாள் ஒருநாள்.

"போமே, ஊரே சிரிக்கும்."

அவள் விடவில்லை. முதலில் கோணிப்பையில் தைத்தாள். முள் அதை மதிக்கவே இல்லை.

அந்த வருஷம்தான் தோட்டத்துக் கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வந்திருந்தது. மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கவலை ஏற்றத்தின் தோல்பை, கொட்டகையில் சும்மா தொங்கியது. வரதனின் மனைவி பவளத்திடம் சிட்டம்மாள் அதைக் கேட்டாள். "எலி கடிச்சிக்கினு கீது, எடுத்துக்கினு போ" என்று பவளம் கொடுத்துவிட்டாள்.

தோலை இரண்டு நாள் ஊறவைத்து, விளக்கெண்ணெய் தடவிப் பதமாக்கினாள். இருசப்பன் கையை அதன்மேல் விரித்துவைத்து, கரித்துண்டால் விரல் விரலாகக் கோடு இழுத்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

"ஆடாம குந்துய்யா!" முதுகில் ஒன்று வைத்தாள்.

இந்த முறை முள் தோற்றது. ஒரு வாரம் ஊக்குக்கு வேலையே இல்லை. இருசப்பனுக்கு அந்த உறையைக் கழற்ற மனசில்லை. சந்தைக்கும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவானோ என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

அதுவே வினையாகவும் போனது. இலையில் புழு விழுந்ததென்று வரதன் புதுப் பூச்சிமருந்து வாங்கி வந்தார். இருசப்பன் தோலுறையோடே மருந்தைக் கலக்கினான், அதோடே நாளெல்லாம் அடித்தான். சாயங்காலம் வீட்டு வாசலிலேயே வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டான். கையிரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சிட்டம்மாள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மாட்டுவண்டியில் ஏற்றி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு, உறையைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார்.

"முள்ளுக்கு இது சரி. மருந்துக்கு ஆகாதும்மா. தோல் மருந்தை உறிஞ்சிவைக்கும். கையை மருந்துலயே ஊறப்போட்ட மாதிரி. அதுக்கு ரப்பர் உறைதான் வேணும். இதைக் குழி தோண்டிப் புதைச்சிடுங்க."

மூன்றாம் நாள் இருசப்பன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டபோதுதான் சிட்டம்மாளுக்கு அழுகை வெடித்தது. "என் கையாலயே தெச்சுக் குடுத்து உன்னைக் கொல்லப் பாத்தேனேய்யா!"

"அட போமே. ஆறு வருசத்துல ஒரு வாரந்தான் முள்ளு குத்தாம இருந்தேன். அத்த யாரு குடுத்தா?"

வீடு வந்ததும் அவள் நேரே வரதனிடம் போனாள். அதுவரை அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை.

"ஆண்டே, ரப்பர் உறை வராம எங்க வூட்டுக்காரு மருந்தைத் தொட மாட்டாரு. வேற ஆளையும் தொட விடாதீங்க."

"எனக்கும் தெரியாமப் போச்சு சிட்டம்மா" என்றார் வரதன். அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குப் போய், மருந்தடிக்கும் ஆட்கள் நாலு பேருக்கும் முழங்கை வரைக்கும் வரும் ரப்பர் உறை வாங்கி வந்தார். மிச்சத் தோலில் சிட்டம்மாள் கிளை கழிக்கப் புது ஜோடி தைத்தாள்.

மறுபடி மருந்தடித்த அன்று அவள் தோட்டத்துக்கே போய் நின்றாள். காற்றுக்கு முதுகு காட்டி அடிக்கச் சொன்னாள். வேலை முடிந்ததும், உறையோடு கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவ வைத்தாள். அதன் பிறகு பார்த்தால் உறை கழலவில்லை. உள்ளே வேர்த்து ஒட்டிக்கொண்டது.

"இழுமே!"

அவள் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். அவன் பின்னால் சாய்ந்தான். பட்டென்று உறை கழன்றுவர, சிட்டம்மாள் வாய்க்கால் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தாள். தூக்கிவிட வந்த இருசப்பனும் சிரித்துச் சிரித்துத் தெம்பில்லாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.