அத்தை கூப்பிட்ட பேர்

தம்பி மதிவாணன் தாம்பூலத் தட்டோடு கடை முன்னால் வந்து நின்றபோதே கலைமகளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த முறை சரக்கு தன் பக்கம் இருக்கிறதென்று. வந்தவன் முகத்தைப் பார்த்து அவனுடைய அவசரத்தை எடை போடத் தெரியாதவள் பெரிய மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை நடத்த முடியாது. அவள் நிமிரவில்லை. நெத்திலியில் கிடந்த தூசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"இன்னா வேணும்? நெத்திலியா, சுறாவா?"

"வெளையாடாதக்கா. புள்ளைக்குப் பேர் வெக்கறோம். நீதான் வந்து கூப்புடணும்."

அவர்கள் குடும்பத்து வழக்கம் அது. பேர் வைக்கிற அன்றைக்குத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் காதில் அப்பாவின் கூடப்பிறந்தவள் மூன்று தடவை கூப்பிட வேண்டும். அத்தை கூப்பிடாத பேர் பிள்ளைமேல் ஒட்டாது என்பார்கள். மதிவாணனுக்கு இருப்பது ஒரே அக்கா. அந்த அக்காவைத்தான் அவன் பெண்டாட்டி செந்தமிழ்ச்செல்வி, "கருவாட்டு நாத்தம் என் வாசப்படி தாண்டக் கூடாது" என்று சொல்லித் தெருவோடு நிறுத்தி வைத்திருந்தாள்.

தனக்குச் செய்ததைக்கூடக் கலைமகள் தள்ளுபடி செய்துவிடுவாள். அம்மாவுக்குச் செய்ததை எந்தக் கணக்கில் தள்ளுவது?

அம்மா பேர் ஜெயம். கருவடிக்குப்பத்து வீடு அவள் புருஷன் மில்லில் உழைத்துக் கட்டியது. அந்த வீட்டில் ஒரு மதியம் ஜெயம் தட்டை நீட்டி, "இன்னும் ஒரு கரண்டி கொழம்பு ஊத்தும்மா" என்று கேட்டாள். வஞ்சிரக் குழம்பு. "இந்த வயசுல நாக்கு இன்னா கேக்குது பாரு" என்று செல்வி தட்டையே இழுத்துக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த மகன் தன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். ஜெயம் கையைக் கழுவினாள், பையை எடுத்தாள், மேட்டுப்பாளையத்தில் மகளின் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து சுடுகாட்டுக்குத்தான் போனாள். "ஒரு நடை என் வூட்டுக்குப் போய்ட்டு வந்துடறண்டி" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட ஆள் வரவில்லை. செத்த பிறகு அவள் படம்கூட அந்தச் சுவரில் ஏறவில்லை. புதுப் பெயிண்டாம், ஆணி அடிக்கக் கூடாதாம்.

அம்மாவை அந்த வீட்டுக்குள் திரும்பக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். செல்வி தன் கையாலேயே வாங்கி உட்கார வைக்க வேண்டும். இது ஒன்றுதான் கலைமகளின் நெஞ்சில் உப்புப் போட்டுக் காய வைத்திருந்த ஆசை. வழிதான் தெரியாமல் இருந்தது. அதையும் தம்பி தட்டில் வைத்து எடுத்து வந்துவிட்டான்.

"இன்னா பேரு பாத்திருக்கறீங்க?"

"ஹ்ரிஷ்விதா."

பக்கத்துக் கடையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெர்னதெத் திரும்பிப் பார்த்தாள். "பேரு சொன்னியா தம்பி, தும்முனியா?"

"நியூமராலஜி பாத்து வெச்சதுங்க."

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் கலைமகள். எடுத்ததுமே குறை சொல்வது கற்றுக்குட்டி வியாபாரம். பெரியதை அடிக்க வேண்டுமானால் சின்னதை வாய் நிறையப் பாராட்டி விட்டுக்கொடுத்துவிட வேண்டும். "சர்ட்டிபிகேட்டு, ஸ்கூலு, ஆதாரு எல்லாத்துலயும் அதையே போட்டுக்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா வூட்டுல கூப்புடற பேரு அத்தையோடது. அது எனுது."

"அவ்ளோதான? அம்மு, பாப்பான்னு எதையாச்சும் வெய்யேன்."

"உன் வாக்கு எனக்கு வேணாம்டா. உன் வாய் முள்ளு துப்பத்தான் ஆவும். செல்வி சொல்லட்டும். இப்ப எங்கிட்ட சொல்லணும், அன்னிக்கு சபையில சொல்லணும்."

மதிவாணனின் காது சிவந்தது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "அதுக்கின்னா அண்ணி, ஆசையா எதாச்சும் கூப்புடுங்க. நீங்க வந்து நின்னா போதும்" என்றது செல்வியின் குரல். தேன் ஒழுகியது. பிள்ளை ராப்பகலாகக் கத்துவதும், செல்வியைப் பெற்ற கொளஞ்சி, "நாத்தனாவ வாசல்ல நிறுத்தனா புள்ள அழாம சிரிக்குமா?" என்று மகளை இடித்துக்கொண்டிருப்பதும் அந்தத் தேனுக்கு அடியில் கிடந்தது. கலைமகளுக்கு அந்தச் சேதி முன்பே வந்திருந்தது.

தம்பி போனதும் பெர்னதெத் நெருங்கி வந்தாள். "உன் மூஞ்சியே சரியில்ல. இன்னா பேருடி வெக்கப் போற?"

"எங்கம்மா பேரு. மாமியா பேர மருமவ வாயால சொல்லக் கூடாது. பெரியவங்க பேரு வெச்ச புள்ளையக் கை ஓங்கக் கூடாது, வாடி போடின்னு பேசக் கூடாது. பேசனா செத்தவங்களையே பேசுன மாதிரி. எங்க ரெண்டு வூட்டுலயும் அப்படித்தான்."

"மோந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுப் பெர்னதெத் சிலுவை போட்டுக்கொண்டாள். "பச்ச மண்ணுடி அது. அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"அதுக்கு இன்னா நஷ்டம்? அடி, திட்டு இல்லாம வளரும். பில்லு அது பேர்ல இல்ல."

பேர் வைக்கிற அன்று கூடம் முழுக்கப் பலூன். சுவரில் ஹ்ரிஷ்விதா என்று மினுக்கும் எழுத்தில் பேனர். அதற்கு மட்டும் பெயிண்ட் உரியாது போலிருக்கிறது. கலைமகள் வெள்ளிக் கொலுசோடு ஒரு பொட்டலம் நெத்திலியையும் சீர்த்தட்டில் வைத்தே கொண்டு வந்தாள். செல்வி மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

"சபையில சொல்லிடுடி" என்றாள் கொளஞ்சி.

"சர்ட்டிபிகேட் பேரு ஹ்ரிஷ்விதா. கூப்புடற பேரு அண்ணி இஷ்டம்" என்றாள் செல்வி. நாலைந்து போன்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டன.

தொட்டிலில் பிள்ளை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. கலைமகள் குனிந்தாள். காதோடு சொல்ல வேண்டியதுதான். அவளோ மார்க்கெட்டில் விலை கூவுகிற குரலை எடுத்தாள்.

"ஜெயம்!"

கூடத்துத் தலைகள் எல்லாம் செல்வி பக்கம் திரும்பின. பேச்சைப் பாதியில் விட்டவர்கள் வாயை மூட மறந்தார்கள். சடங்குக்கு வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரில் கலைமகள் சுண்டுவிரலைத் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

"ஜெயம்!"

பிள்ளை விசும்பி நிறுத்தியது.

"ஜெயம்!"

அழுகை அடியோடு நின்றது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு அத்தையையே பார்த்தது.

கொளஞ்சி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டாள். "சம்பந்திம்மா வந்துட்டாங்கடி! பேரக் கேட்டதும் வாய மூடுச்சி பாத்தியா?"

"அண்ணி, இது..." செல்வி பேனரைத் திரும்பிப் பார்த்தாள். "வேற பேரே கெடைக்கலியா உங்களுக்கு?"

"ஆசையாக் கூப்புடுங்கன்னு நீதான செல்வி சொன்ன? எனக்கு ஆச இது ஒண்ணுதான்."

செல்வி புருஷனைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்தான். இன்றைக்கு அவற்றில் முள் எடுக்க மீன் இல்லை.

மீதியைக் கொளஞ்சியே செய்துமுடித்தாள். இது கலைமகள் எதிர்பாராத கொசுறு. "இந்தா பாரு செல்வி. மாமியா பேரு உன் வாயில வரக் கூடாது. டி போட்ட, நாக்கு அழுவிடும். மாமியாளக் கூப்புடற மாதிரி அத்தன்னு கூப்புடு. மரியாதையாக் கூப்புடு." சாயங்காலமே ஜெயத்தின் படம் தொட்டிலுக்கு மேலே ஏறியது. ஆணியை மதிவாணன் அடித்தான்.

தெருவுக்குப் புதுப்பேர் சுளுவாக இருந்தது. மற்றதைச் சொல்லப் போய் நாக்கைக் கடித்துக்கொள்ள யாரும் தயாரில்லை. பால்காரர் ஜெயம் என்றார், எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஜெயம் என்றார்கள், ஆபீசிலிருந்து வந்ததும் மதிவாணன், "ஜெயம்மா எங்க?" என்றான். அந்தச் சொல்லை வீட்டுக்குள் சத்தமாகச் சொல்ல அவனுக்கு இவ்வளவு நாள் ஆகியிருந்தது.

பிள்ளை சோறு தின்னத் தொடங்கிய பிறகு ஒரு மதியம், வைத்திக்குப்பத்துக்குச் சரக்கு எடுக்கப் போன கையோடு கலைமகள் கருவடிக்குப்பத்துக்குப் போனாள். இப்போது அவளை வாசலில் நிறுத்த ஆளில்லை. ஆனால் அன்று அவளாகவே நின்றாள். உள்ளே செல்வியின் குரல்.

"ஹ்ரிஷ்விதா... ஹ்ரிஷு... இங்க பாரும்மா."

பிள்ளை ஜன்னல் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வி ஒருமுறை பெருமூச்சு விட்டாள்.

"அத்த."

பிள்ளை திரும்பியது.

"ஒரு வாய் வாங்கிக்குங்க அத்த. சூடாத்தான் இருக்குது. ஒரே ஒரு வாய்."

வாங்கிய வாயைப் பிள்ளை அப்படியே அவள் புடவையில் துப்பியது. செல்வியின் கை ஓங்கியது. மேலே படம். கை பாதியில் நின்று, இறங்கி, பிள்ளையின் வாயைத் துடைத்தது. "பரவால்ல அத்த" என்றாள்.

இதை ஒருமுறை கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவது என்றுதான் கலைமகள் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

செல்வி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "இப்ப திருப்திதான அண்ணி?"

கலைமகள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், அம்மா தட்டை நீட்டிய அன்றைக்குத் தம்பி உட்கார்ந்திருந்த அதே இடத்தில். பிள்ளையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் இன்னும் சோறு இருந்தது.

"அம்மா வாயத் தொறக்கறாங்க பாரு" என்றாள். "இன்னும் ஒரு கரண்டி கேக்கறாங்க."

செல்வி கரண்டியை எடுத்தாள்.